வெள்ளைக்கு ஜெர்மன், சிவப்புக்கு ஜப்பான்

ஜெர்மன் படிப்பதா, ஜப்பான் மொழி படிப்பதா என்று நான்கு மாதம் யோசித்தேன். அந்த நான்கு மாதத்தில் ஏதாவது ஒன்றைத் தொடங்கியிருந்தால் இந்நேரம் கால்வாசி முடித்திருக்கலாமே என்று என் கணவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அவர் மொழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நான் பாப்பாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் நர்சிங் படித்தவள். தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, பாப்பா பிறந்ததும் நின்றுவிட்டேன். அவளுக்கு மூன்றரை வயது ஆனபோது, என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி பனியில் நின்று படம் போடுவாள். இன்னொருத்தி ரயிலுக்குள்ளிருந்து போடுவாள். நான் மேலகரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று இதயக் குறி போடுவேன். மறுபடி வேலைக்குப் போவதென்றால் வெளியே போவதுதான் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். எந்த மொழி என்பதை மட்டும் என் பொறுப்பில் விட்டார்கள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. எங்கள் வீட்டில் குழம்புக்கு எந்தக் காய் என்பதைக்கூட என் பொறுப்பில் விட்டதில்லை.

இரண்டு மையங்களுக்கும் போய்ப் பார்த்தேன். ஜெர்மன் சொல்லித்தரும் இடம் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடி. ஆசிரியர் புனலூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர். 'சேச்சி, ஒண்ணும் பேடிக்கண்டா' என்று மலையாளத்தில் தைரியம் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் பயப்படும்படியாகவே நடத்தினார். ஜப்பான் மொழி மையம் இரண்டு தெரு தள்ளி. அங்கே உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து குனிந்து வணங்கினார்கள். முன்னே பின்னே தெரியாத ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று எனக்குக் கைப்பையை இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றியது.

இரண்டு இடத்திலும் வாசலில் பிளெக்ஸ் போர்டு. 'எங்கள் மாணவிகள் இன்று' என்று வட்ட வட்டமாகப் படங்கள். இரண்டையும் போனில் படம் பிடித்து வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெர்மன் போர்டில் மூன்றாவது வட்டத்தில் இருந்த பெண், ஜப்பான் போர்டிலும் இருந்தாள். அதே கம்மல், அதே சிரிப்பு. மறுநாள் ஜப்பான் மையத்தில் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் போர்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"அவங்க ரெட்டைப் பிள்ளைங்கக்கா. ஒருத்தி அங்கன, ஒருத்தி இங்கன."

இதை அவள் சிரிக்காமல் சொன்னாள். இன்றுவரை அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இருக்கவும் செய்யலாம் இல்லையா?

ஆனால் இரண்டு இடத்திலும் நான் உண்மையில் கேட்கப் போன கேள்வி ஒன்றுதான். பிள்ளையைக் கூடக் கூட்டிப்போகலாமா?

புனலூர்க்காரர் உடனே தலையாட்டவில்லை. அதனால் அவரைக் கொஞ்சம் நம்பினேன். படித்து முடிக்கவே ஒன்றரை வருடம் ஆகும், பரீட்சைகள் கடினம், முதலில் நான் மட்டும் போகவேண்டும், வேலையும் வீடும் சரியான பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். ஜப்பான் மையத்தில் ஏழெட்டு மாதத்தில் படித்து முடித்துவிடலாம், முதியவர்களைப் பராமரிக்கும் வேலை உடனே கிடைக்கும், ஐந்து வருட விசா என்றார்கள். பிள்ளை? "அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்க்கா." பிறகு என்றால்? ஒரு சிரிப்பும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் டீயும் கிடைத்தன.

ஆக, விஷயம் இதுதான். கஷ்டப்பட்டு ஜெர்மன் படித்தால் பாப்பாவை ஒரு வருடம் பிரிய வேண்டும். சுலபமாக ஜப்பானுக்குப் போனால் ஐந்து வருடம். திரும்பி வரும்போது அவள் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் ஏன் நான்கு மாதம் யோசித்தாய் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு என்மேலும் நம்பிக்கை இல்லை. ஒன்றரை வருடம் படித்துப் பரீட்சையில் தவறிவிட்டால்? வேலையும் இல்லாமல், மொழியும் இல்லாமல், முப்பது வயதில் அதே அடுப்படியில்?

கணவர் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் இருக்கிறார். விடியுமுன் போய்விட்டு, லாரி ஏற்றி அனுப்பிவிட்டுச் சாயங்காலம் வருவார். அவர் கையில் எப்போதும் எலுமிச்சை வாசனை இருக்கும். அவரிடம் கேட்டால், "ரெண்டுல எது சீக்கிரம் கெடைக்கோ அதப் படி" என்பார். சீக்கிரம் என்ற சொல்லை அவராகச் சொல்லவில்லை, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். யார் என்றும் தோன்றும்.

மைனிதான். கணவருடைய அக்கா. பதினோரு வருடம் தன் கணவரோடு வாழ்ந்து, அவர் இறந்த பிறகு எங்களோடு இருக்கிறார். பிள்ளையில்லை. முன்அறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். பாப்பா முழித்திருக்கும் நேரம் முழுக்க அந்த மிஷினுக்கு அடியில்தான் கிடப்பாள், வெட்டுத் துணிகளோடு. எனக்கு அது வசதியாக இருந்தது. அதனால் அதில் சந்தேகப்பட எதுவும் இருப்பதாக எனக்கு அதுவரை தோன்றவில்லை.

மைனிக்கு ஜப்பான் பிடித்துப்போயிற்று. எங்கிருந்தோ வீடியோ எடுத்துப் பாப்பாவுக்கு நன்றிக்கு 'அரிகாத்தோ' என்று சொல்லிக்கொடுத்தார். பாப்பா பால் டம்ளரை வாங்கிக்கொண்டு அரிகாத்தோ என்பாள், மைனி கைதட்டுவார். ஜவுளிக்கடைக்காரர் மருமகள் ஜப்பானில் இருக்கிறாளாம், ஊரெல்லாம் அவ்வளவு சுத்தமாம், ராத்திரி பொம்பளப் பிள்ள தனியா நடக்கலாமாம். ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. ஜெர்மனியைப் பற்றிக் கேட்டால், "அங்கன குளிருட்டி, நீ குத்தாலத்துச் சாரலுக்கே ஸ்வெட்டர் போடுதவ" என்பார்.

ஒரு மதியம் பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு வந்தபோது, மைனி போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மிஷின் ஓடவில்லை.

"அவ போயிட்டா பிள்ள இங்கனதான. பின்ன எங்க போவா? நான்தான பாக்கணும்."

அதைச் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை, சலிப்பும் இல்லை. சலிப்பாகச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகப் போயிருப்பேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளை நூல் எடுக்க மிஷின் டிராயரைத் திறந்தேன். நூல் எடுக்கத்தான் திறந்தேன் என்று எழுதுகிறேன், ஆனால் அப்போது எனக்குத் தைக்க எதுவும் இருக்கவில்லை. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் எல்.கே.ஜி. விண்ணப்பம் மடித்து வைத்திருந்தது. பாப்பாவின் பெயர், பிறந்த தேதி எல்லாம் மைனியின் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. பாதுகாவலர் என்ற இடத்தில் மைனியின் பெயர்.

நான் அதை மடித்தபடியே வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாப்பா மிஷினடியில் இருந்தால், ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். பல் தேய்க்கணும், நகம் வெட்டணும். ஒரு நாளைக்கு இரண்டு முறை நகம் வெட்டினால் பிள்ளைக்கே சந்தேகம் வரும்.

பூக்கட்டிப் பார்க்கலாம் என்று சொன்னது மைனிதான். தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

"நீயும் முடிவெடுக்க மாட்டேங்க. அவன்ட்ட கேட்டாலும் சொல்ல மாட்டேங்கான். சாமிட்ட விட்ரு. வெள்ளைக்கு ஜெர்மன், செகப்புக்கு ஜப்பான். பாப்பா எடுக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஒரு முடிவு எட்டாதபோது வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். மாப்பிள்ளை முடிவாவதும் கிணறு தோண்ட இடம் முடிவாவதும் இப்படித்தான். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சரி என்றேன். என் கையைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. சரி என்று சொன்ன பிறகுதான், பொட்டலம் யார் கட்டுவது என்ற கேள்வி எனக்கு வந்தது.

"கேக்கவ கட்டக் கூடாது, பாக்கவும் கூடாது" என்றார் மைனி. "நான் கட்டுதேன்."

ஆனி மாதம், சீசன் நல்லபடியாக விழுந்திருந்தது. மேலகரத்திலிருந்து ஆட்டோவில் குற்றாலத்துக்குப் போனோம். வழியெல்லாம் வெளியூர் வேன்கள், ஜன்னலில் ஈரத்துண்டுகள். கோயில் வாசலில் மைனி பூக்கடைக்குப் போனார். என்னை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரம்புட்டான் விற்பவரைப் பார்த்தபடி நின்றேன். ஆனாலும் ஓரக்கண்ணால் மைனியின் முழங்கை தெரிந்தது. முழங்கை ரொம்ப நேரம் அசையாமல் நின்றது. பிறகு அசைந்தது. ஒரு அரளியும் ஒரு நந்தியாவட்டையும் வாங்க எதற்கு இவ்வளவு நேரம்?

உள்ளே அர்ச்சகர் இரண்டு பொட்டலங்களையும் தட்டில் வைத்துக் காட்டிவிட்டு, பாப்பாவின் முன்னால் நீட்டினார். வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய பொட்டலங்கள். ஒரே அளவு, ஒரே முடிச்சு. மைனி நன்றாகக் கட்டுவார்.

"எடும்மா தங்கம், சாமி சொல்றத எடு."

பாப்பா இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

அர்ச்சகர் சிரித்துவிட்டார். "ரெண்டும் வேணுமாம் கொழந்தைக்கு! ஒண்ணு போதும்டா கண்ணு."

பாப்பா இரண்டையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் ஒரு அம்மா, "நகருங்கம்மா, நாங்க மதுரையிலேர்ந்து வந்து நிக்கிறோம்" என்றார். நான் கை நீட்டினேன். மைனியும் கை நீட்டினார். பாப்பா என்னைப் பார்த்தாள், மைனியைப் பார்த்தாள். வலது கையில் இருந்ததை மைனியிடம் கொடுத்தாள். அப்புறம் இடது கையில் இருந்ததை என்னிடம் கொடுத்தாள்.

"மொதல்ல குடுத்ததுதான் உத்தரவு" என்று சொல்லிவிட்டு அர்ச்சகர் அடுத்த தேங்காயை எடுத்தார்.

மதுரை அம்மாவுக்கு அவசரத்திலும் ஒரு வார்த்தை இருந்தது. "பெத்தவளுக்கு ரெண்டாவதுதான் போல."

பிரகாரத்துக்கு வந்து மைனி தன் பொட்டலத்தைப் பிரித்தார். செவ்வரளி. ஜப்பான். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அத ஆத்துல போட்டுரு" என்றார், என் கையில் இருந்ததைக் காட்டி. "பிரிக்கக் கூடாது. உத்தரவு வந்த பிறகு மத்ததப் பிரிச்சா சாமிய சந்தேகப்படுத மாதிரி."

நான் ஆற்றோரம் போய் நின்றேன். பொட்டலத்தை எறிவதுபோலக் கையை வீசினேன். பிறகு அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். அதுவும் சிவப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மைனியிடம் என்ன சொல்வது, கணவரிடம் எப்படிச் சொல்வது, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதுவரை ஆட்டோவிலேயே யோசித்து வைத்திருந்தேன். இலையை விரித்தேன்.

வெள்ளை. நந்தியாவட்டை, ஓரம் கொஞ்சம் கசங்கியிருந்தது.

"ஆத்துல போடலியா?"

மைனி வாளியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் கையை மூடினேன். மூடி என்ன பயன்?

"ரெண்டும் செகப்பான்னு பாத்தியோ?"

நான் கடித்துப் போட்ட நாரைப் பொறுக்கினேன்.

"ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன்."

"ஆமா மைனி."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கல்லின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"வாங்கணும்னுதான் நெனச்சேன்" என்றார். "பூக்கடையில நிக்கும்போது, ரெண்டும் அரளியாவே குடுன்னு வாய் வரைக்கும் வந்துட்டு. வெள்ளைய எடுத்தேன், திரும்ப வச்சேன், திரும்ப எடுத்தேன். கடைக்காரி, என்னக்கா பூவுக்குப் போயி இம்புட்டு யோசனன்னு கேக்கா. பிறகு பயமாப் போச்சு. சாமி காரியம்லா."

நான் சந்தேகப்பட்டது தப்பு. ஆனால் முழுசாகத் தப்பும் இல்லை. இந்த மாதிரி நிலைக்கு நான் தயாராக வரவில்லை.

"பள்ளிக்கூடத்துப் பாரத்துல உங்க பேரு இருந்துச்சு" என்றேன்.

"அதையும் பாத்துட்டியா!" மைனி என்னை முதல்முறை நேராகப் பார்த்தார். "டிராயரெல்லாம் கொடஞ்சிருக்க. ஒன்ன எதுக்கு நர்சுக்குப் படிக்க வச்சாங்க, போலீசுல சேத்துருக்கணும். ஏட்டி, சீட்டு முடிஞ்சிரும்னாங்க, வாங்கினேன். பேரு எழுதாத பாரத்த வாங்க மாட்டாங்க. ஒன் பேர எழுத நீ எந்த ஊர்ல இருப்பியோ? அவன் விடியுமுன்ன போயிருதான். வேற யாரு பேர எழுத?"

அது உண்மையாக இருக்கலாம். அந்த நிமிஷத்தில் தோன்றிய பதிலாகவும் இருக்கலாம். நான் அவர் முகத்தையே பார்த்தேன், எதுவும் தெரியவில்லை. மைனி வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப ஜப்பான்தானா?"

நான் எதிர்பார்த்தது உத்தரவு. அவர் கேட்டது கேள்வி. அதனால்தானோ என்னவோ, நான்கு மாதமாக வராத பதில் வந்துவிட்டது.

"இல்ல மைனி. ஜெர்மன் படிக்கேன்."

"சாமி உத்தரவு?"

"சாமிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மைனி வாளியோடு உள்ளே போனார். நான் அந்தப் பூவைப் பூந்தொட்டி மண்ணில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். சாமியை மீறிவிட்டேன் என்ற பயம் அப்புறம் வந்தது, இரண்டு நாள் இருந்தது. பாப்பாவுக்கு லேசாக மூக்கு ஒழுகினால்கூட அதனால்தான் என்று நினைத்தேன். சாரல் நேரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கு ஒழுகும் என்று ஒரு நர்சுக்குத் தெரியாதா?

அந்த இரண்டு நாளில் இன்னொன்றும் புரிந்தது. ஐந்து வருடம் பிரியக் கூடாதென்று ஜெர்மனைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் தினமும் வகுப்பு, ஒன்றரை வருடத்துக்கு. பிறகு நான் மட்டும் போகிற மாதங்கள். அப்போதெல்லாம் பாப்பாவை யார் வைத்துக்கொள்வது? என் அம்மா சங்கரன்கோவிலில் படுக்கையில் இருக்கும் அப்பாவைவிட்டு அசைய முடியாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்தத் தையல் மிஷினில்தான் வந்து நின்றது. ஜப்பானோ ஜெர்மனோ, நான் யாரைச் சந்தேகப்பட்டேனோ அவர் கையில்தான் பிள்ளையைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் போய்க் கேட்டேன். மைனி ஒரு ஜாக்கெட் கைக்குத் துணியில் அளவெடுத்துக்கொண்டிருந்தார். மிஷினுக்கு அடியில் பாப்பா.

"எவ்வளவு நாளுட்டி?"

"படிக்க ஒன்றர வருஷம். பிறகு நான் மட்டும் போகணும். ஆறு மாசமும் ஆவலாம், ஒரு வருஷமும் ஆவலாம்னு சொல்லுதாங்க."

"பிறகு?"

இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். இரண்டு வருடம் கழித்து வரப்போகிற விஷயம். ஆனால் சொல்லாமல் பிள்ளையைக் கொடுத்தால் அது நான் கட்டுகிற பொட்டலமாகிவிடும்.

"பிறகு பாப்பாவக் கூட்டிட்டுப் போயிருவேன் மைனி."

மைனி துணியில் கோடு போட்டார். கத்தரியை எடுத்தார், வெட்டவில்லை.

"ஜப்பான்னா பிள்ள அஞ்சு வருஷம் இங்கன இருந்திருப்பா" என்றார், துணியிடம் சொல்வதுபோல. பிறகு என்னிடம்: "சரி. ஆனா ஒண்ணு சொல்லிருதேன். நீ அங்கன போயி போன்ல கூப்பிடும்போது, அவ எங்கூட வெளாடிட்டு இருந்தான்னா, அம்மாட்ட பேசு வா வான்னு நான் இழுத்துட்டு வர மாட்டேன். வந்தா வருவா, வராட்டி இல்ல. அதுக்கு எம்மேல சந்தேகப்படக் கூடாது."

"பட மாட்டேன்" என்றேன்.

சொல்லும்போதே, படுவேன் என்று எனக்குத் தெரியும். மைனிக்கும் தெரிந்திருக்கும். கத்தரி துணிக்குள் போக ஆரம்பித்தது.

அடுத்த திங்கட்கிழமை முதல் வகுப்பு. நோட்டு, பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினேன். பாப்பா அழுவாள், அழுதால் பத்து நிமிடம் தாமதமாகும் என்று அதையும் கணக்கில் வைத்துச் சீக்கிரமே கிளம்பியிருந்தேன். அவள் கையில் ஒரு துண்டுத் துணியோடு வாசல்வரை வந்தாள்.

"அம்மா, நீ போ" என்றாள்.

நான் மைனியைப் பார்த்தேன். மைனி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. இதை இவள் தானாகச் சொல்கிறாளா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று தென்காசி பஸ் ஸ்டாண்டு வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன். மாடிப்படி ஏறும்போதும் அதுதான். வகுப்பில் எல்லோரும் பின்வரிசையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன்.